உதறல் எடுத்த பால் வண்டி

எங்கள் தாயம்மாள் அக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொல்கிறேன், கண்ணுகளா. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் மூத்த ஓரகத்தி. அவளைக் கட்டியவர் கந்தன் மாமா. அவருடைய தம்பிக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் மலையூரான தலாத்தில் துணிக்கடை வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு நாள் இருப்பார், எங்கள் ஊர் வெக்கை ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலோடு திரும்பிப் போவார். மற்ற நாளெல்லாம் சைகோனில் தி-ங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏழு மாடு, ஒரு தகரக் கொட்டகை, நாங்கள் மூன்று பேர்.

அறுபத்தாறாம் வருடம் அது. எங்கள் பாலில் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்குத்தான் போனது. கான்-ஹோய் பக்கம், துறைமுகத்தைத் தாண்டி, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு அனாதைக் குழந்தைகள் இல்லம். கைக்குழந்தைகள் மட்டுமே அறுபதுக்கு மேல் இருந்தன. சண்டை நடக்கும் ஊர்களிலிருந்து வாரம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். காலை ஆறரைக்கு முதல் புட்டி. அந்தப் பால் எங்கள் மாட்டுப் பால். அந்த வாடிக்கை போனால் ஏழு மாட்டுக்குத் தீனி போட முடியாது, விற்க வேண்டியதுதான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பால் கொண்டுபோக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ரப்பர் தோட்டத்துப் பிரெஞ்சுத் துரை ஒருவர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன கறுப்பு வண்டி. நல்ல கனம். மாமா அதன் பின்னால் இரும்புச் சட்டம் ஒன்றைத் தானே பற்றவைத்து, இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன் தொங்கும்படி செய்திருந்தார். மிதிக்கிற சைக்ளோ ரிக்‌ஷாவில் ஏற்றினால் ஊரடங்கு முடிந்து கிளம்பி, சந்தைக் கூட்டத்தில் மாட்டி, போய்ச் சேர ஏழரை ஆகிவிடும். மோட்டார் சைக்கிள் என்றால் அரை மணி.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு வியாதி. பாலம் ஏறும்போது பரம சாது. உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்ததும் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறும். முதலில் லேசாக, கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி. அப்புறம் கையில் நிற்காது. புரட்டாசி மாதம் ஒரு காலையில் அது மாமாவைத் தூக்கிப் போட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாற்பது லிட்டர் பாலும் தி-ங்கே பாலத்தின் மேல் ஓடிக் கால்வாயில் விழுந்தது. அன்றைக்கு இல்லத்துக் குழந்தைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான்.

மறுநாள் அக்கா சேலைக்குள் மாமாவின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். எப்போது ஓட்டக் கற்றாள் என்று எனக்கே தெரியாது. கேட்டால், "அவரு ஓட்டுறப்ப பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். பத்து நாள் ஓட்டினாள். பதினோராம் நாள் மழை. உதறலுக்குப் பயந்து இறக்கம் முழுக்கக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய், ஏழே காலுக்குத்தான் சேர்ந்தாள். தலைமைச் சகோதரி கோபக்காரர் இல்லை. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: "இரண்டு முறை ஆகிவிட்டது, தாயம்மா. பிள்ளைகள் அழுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது முறை நடந்தால் டின் பாலுக்கு மாறிவிடுவேன்."

அதற்கப்புறம்தான் மாரி-ரோஸிடம் போனோம்.

மாரி-ரோஸ் காரைக்கால்காரி. தி-ங்கே பாலம் இறங்கினதும் இடது பக்கச் சந்தில் அவள் பட்டறை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் பிரெஞ்சு தேசத்து மார்சேய்க்குப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. "வந்துவிடு, வந்துவிடு" என்று கடிதம் போடுவார். "அங்க போயி உங்களுக்குச் சோறு வடிக்கிறதுக்கு இங்க நாலு வண்டியக் கழட்டி மாட்டுறேன்" என்று பதில் போடுவாளாம் இவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது இல்லை, நூல் கட்டியிருப்பாள்.

மாமா ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் ஆரம்பித்தார். "மதாம், ஹேண்டிலுக்கு டாம்பர்னு ஒண்ணு இருக்காம். அத மாட்டிட்டா உதறவே உதறாதாம். மாட்டிக் குடுத்துடுங்க."

"யாரு சொன்னது?"

"பீர்க்கடையில ஒருத்தன்."

"அவன் வண்டியில மாட்டியிருக்கானா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அவன்கிட்ட வண்டி இல்ல."

மாரி-ரோஸ் சிரிக்கவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைத் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், தள்ளினாள்.

"கேட்டுச்சா?"

"கேக்கலியே" என்றார் மாமா.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "டொக்குனு ஒரு சத்தம். ஹேண்டிலு கழுத்துக்குள்ளேருந்து."

அப்போதுதான் மாரி-ரோஸ் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் மாமாவோடு பேசவே இல்லை. "இங்க வா தாயி. நீயே இழுத்துப் பாரு. கழுத்துக்குள்ள அது திரும்புறதுக்குச் சின்னச் சின்ன இரும்புக் குண்டு இருக்கு, அது தேஞ்சு போச்சு. இத மாத்தாம டாம்பரப் போட்டா, பல்வலிக்குக் கஞ்சா குடுத்த மாதிரி. வலி தெரியாது. பல்லு மட்டும் விழுந்துடும்."

எழுந்து பின்பக்கம் போனாள். பால் கேன் சட்டத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத யாரு பத்தவச்சது?"

"நாந்தான் மதாம்."

"தெரியுது. ரெண்டு கேனையும் பின்சக்கரத்துக்கும் பின்னால தொங்கவிட்டிருக்கு. நாப்பது கிலோ. வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது. முன்சக்கரம் ரோட்டத் தொட்டும் தொடாமப் போனா உதறாம கும்புடவா செய்யும்?"

"நல்லா பலமாத்தானே வச்சேன்…" என்று மாமா தூளிக்குள் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பலத்துக்கென்ன. பலமாத்தான் இருக்கு. உங்களையே தூக்கிப் போட்டுச்சே."

காலைப் பால் நடை கெடாமல், பகலில் மட்டும் வண்டியைக் கழற்றி இரண்டு நாளில் கழுத்துக் குண்டுகளை மாற்றினாள். சட்டத்தை அறுத்து, ஒரு சாண் முன்னால் நகர்த்திப் பற்றவைத்தாள். டயருக்குக் காற்றைச் சரிபார்த்தாள். அக்கா பாலம் ஏறி இறங்கிவிட்டு வந்து நின்றாள்.

"எவ்வளவு கொறஞ்சிருக்கு?"

"முக்கால்வாசி போயிடுச்சு. கால்வாசி இருக்கு."

"அந்தக் கால்வாசிக்குத்தான் டாம்பர்" என்றாள் மாரி-ரோஸ். "வா, சோலோனுக்குப் போவோம்."

நானும் போனேன். சீனர்கள் பேட்டையான சோலோனில் உதிரிச் சாமான் விற்கும் சந்து ஒன்று உண்டு. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். கடைக்காரச் சீனர் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு குழாய், அதற்குள் போய்வரும் ஒரு கம்பி. ஊசி போடும் சிரிஞ்சு மாதிரியே இருந்தது. எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் அதற்குச் சிரிஞ்சு என்றுதான் பெயர். ஜப்பான் சாமானாம். வேறு ஏதோ வண்டிக்குச் செய்தது. எங்கள் வண்டிக்கென்று யாரும் ஒன்றும் செய்யவில்லை.

மாரி-ரோஸ் அதை அக்காவிடம் கொடுத்தாள். "கம்பிய இழுத்துப் பாரு. மொதல்ல மெதுவா. அப்புறம் வெடுக்குனு."

அக்கா இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மெதுவா இழுத்தா வருது. வெடுக்குனு இழுத்தா மொறைக்குது. நம்ம செவலையாட்டம்!"

"அவ்வளவுதான் சூட்சுமம். உள்ள எண்ணெய் இருக்கு. சின்ன ஓட்டை வழியா அது போயிப் போயி வரணும். நீ ஹேண்டில நிதானமாத் திருப்பினா சும்மா இருக்கும். ரோடு வந்து வெடுக்குனு திருப்பப் பாத்தா விடாது."

ஒரு பொருளை இப்படி ஒரே வார்த்தையில் புரிந்துகொள்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கண்ணுகளா. அக்கா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. செவலை மாட்டோடு எட்டு வருடம் மல்லுக்கட்டியவள்.

மாட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. குழாயின் ஒரு முனை வண்டியின் உடம்பில் நிற்க வேண்டும், கம்பியின் முனை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் காலில் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டுக்கும் இடமே இல்லை. மாரி-ரோஸ் பட்டை இரும்பை வளைத்து இரண்டு பிடி செய்தாள். வண்டியின் பெயிண்ட் போகாமல் இருக்கவும், அதிர்ச்சியில் நழுவாமல் இருக்கவும் உள்ளே பழைய டியூப் ரப்பரை வைத்தாள். அப்புறம் பட்டறைத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டாள். ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி, இரண்டு பிடிக்கும் நடுவில் ஈர்க்குச்சியை வைத்துக் கிள்ளி அடையாளம் செய்தாள். வலது கோடிக்குத் திருப்பி இன்னொரு கிள்ளு. கம்பி எவ்வளவு தூரம் நீள வேண்டும், எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று கணக்கு.

முதலில் மாட்டிய இடத்தில், இடது கோடிக்கு ஒரு விரற்கடை இருக்கும்போதே கம்பி உள்ளே முட்டி நின்றுவிட்டது. கழற்றினாள். கொஞ்சம் கீழே இறக்கினாள். இப்போது வலது பக்கம் முட்டியது. மறுபடி கழற்றினாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "விரற்கடைதானே மாரி-ரோஸு. முட்டினா முட்டிட்டுப் போவட்டும்."

"சந்துல திரும்புற. எதுத்தாப்புல ஒரு பிள்ள ஓடிவருது. முழுசா ஒடிக்கணும். ஹேண்டிலு பாதியில நின்னுபோச்சு. அப்ப யாரு மேல முட்டுவ?" நிமிராமலே பேசினாள். "ஹேண்டிலு நிக்கிற எடத்துல ஹேண்டிலுதான் நிக்கணும். இது நிறுத்தக் கூடாது. ரெண்டு கோடியிலயும் இதுக்கு ஒரு விரற்கடை மூச்சு இருக்கணும்."

நான்காவது தடவையில் சரியாக நின்றது. பொழுது சாய்ந்துவிட்டது. அவள் விரல் முட்டியில் எல்லாம் தோல் போயிருந்தது.

மறுநாள் கேன் இரண்டிலும் தண்ணீர் ரொப்பிக்கொண்டு சோதனை. நானும் மாரி-ரோஸும் பாலத்தின் கீழே நின்றோம். பக்கத்தில் நின்ற மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா உச்சியில் தெரிந்தாள். இறங்கினாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது. வண்டி ஒரு நூல் அசையவில்லை. இறக்கத்தின் நடுவில் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, அவிழ்ந்த முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மறுபடி பிடித்தாள்.

"போதும் போதும், சர்க்கஸ் காட்டாத!" என்று மாரி-ரோஸ் கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

அதற்கப்புறம் ஒன்பது நாள். ஒரு நாள்கூட ஆறு இருபதைத் தாண்டவில்லை. அக்கா பாட்டுப் பாடிக்கொண்டு மாடு கறந்தாள்.

இனிமேல் வருவது என் லட்சணம்.

சரஸ்வதி பூசை வந்தது. சனிக்கிழமை. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பூசை போட வேண்டும். நான் விடிந்ததிலிருந்து வீட்டைத் தேய்த்துக் கழுவினேன். பால் கேனுக்குப் பொட்டு, அரிவாளுக்குப் பொட்டு, வண்டியில் எப்போதும் கிடக்கும் ஸ்பானர் பைக்கும் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கினேன். மறுநாள் மறுபூசை முடியும் வரை அதில் எதையும் தொடக் கூடாது. மாடு கறக்காமல் இருக்க முடியாது, கேனும் வண்டியும் எடுக்காமல் இருக்க முடியாது. அதற்கு மட்டும் சாமியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம்.

கடைசியில் வண்டிக்கு வந்தேன். விளக்குக்கு, டாங்கிக்கு, சக்கரத்துக்கு எல்லாம் வைத்தாயிற்று. அந்தச் சிரிஞ்சு என்னைப் பார்த்தது. எங்கள் வீட்டையே காப்பாற்றிய சாமான் அல்லவா? அதற்கு ஏனோதானோவென்று வைக்க மனசு வரவில்லை. குழாய் அழுக்காக இருந்தது. வெளியே தெரிந்த கம்பிதான் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னியது. செட்டியார் கோயிலிலிருந்து வாங்கி வந்த சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அந்தக் கம்பியில் பட்டையாகப் பூசி, திருநீறு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். வண்டியிலேயே அதுதான் அழகாக இருந்தது.

ராத்திரியில் எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது.

விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. இல்லத்துச் சமையற்கட்டுப் பெண்களுக்குச் சுண்டல் கொண்டுபோக வேண்டும் என்று நானும் தூக்குவாளியோடு அக்காவுக்குப் பின்னால் ஏறினேன். ஐந்து இருபதுக்குக் கிளம்பினோம். சந்தில் திரும்பும்போதே, "ஏதோ கரகரங்குதே" என்றாள் அக்கா. பாலம் ஏறினோம். உச்சி தாண்டினோம்.

உதறல்.

ஒன்பது நாள் காணாமல் போயிருந்தது திரும்பி வந்துவிட்டது. அதோடு, நடுநடுவே ஹேண்டில் கல்லில் மாட்டியது போல் நின்று நின்று திரும்பியது. நான் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"மீனா, என்னப் புடிக்காத. சீட்டப் புடி" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது பார் என்று சொல்கிற குரல், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடவில்லை. ஹேண்டிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. உடம்பை முன்னால் தள்ளி டாங்கியின் மேல் நெஞ்சைச் சாய்த்தாள். முழங்காலால் வண்டியை இறுக்கினாள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகச் செத்துப்போக விட்டாள். பாலத்தடியில் வண்டி நின்றபோது ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. சுண்டல்தான் என் மடியில் கொட்டியிருந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். கம்பியைத் தொட்ட விரல் எண்ணெயும் செம்மஞ்சள் சேறுமாக வந்தது. சந்தனமும் குங்குமமும் கம்பியோடு குழாய்க்குள் போய், வாயில் இருந்த ரப்பரைக் கிழித்துவிட்டன. எண்ணெய் முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா… நாந்தான்க்கா…"

"அப்புறம் அழு. வண்டியத் தள்ளு."

மணி ஐந்து முப்பத்தைந்து. மாரி-ரோஸ் பட்டறை வாசலில் வெள்ளை உடுப்போடு நின்றிருந்தாள். ஆறு மணிப் பூசைக்குக் கிளம்பியவள். கையில் வெள்ளைப் பட்டு முக்காடு. வண்டியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், என் மடியில் இருந்த சுண்டலையும் பார்த்தாள்.

"சிரிஞ்சுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நான்."

"நல்ல அழகாத்தான் இருந்திருக்கும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு அக்காவிடம் திரும்பினாள். "தாயி, ரெண்டு வழி. இதக் கழட்டிப் போட்டுட்டு இப்பவே போ. கால்வாசி உதறல்தான், ஆனா கான்-ஹோய் பாலம் இதவிடச் செங்குத்து, ரோடும் ஈரமா இருக்கு. உருட்டிக்கிட்டுத்தான் போகணும். ஏழாயிடும். இல்லன்னா, எனக்கு அரை மணி நேரம் குடு. ஆறு அஞ்சுக்குக் கௌம்பினா எப்பவும் போற வேகத்துல போயிடலாம். ஆனா நான் செய்யிறது நிக்கலேன்னா ரெண்டும் போச்சு."

ஏழு மணி என்றால் மூன்றாவது முறை. அது நிச்சயம். அக்கா யோசிக்கவே இல்லை. "கழட்டு" என்றாள்.

முக்காட்டை என் கையில் திணித்துவிட்டு, அந்த வெள்ளை உடுப்போடு தரையில் உட்கார்ந்தாள் மாரி-ரோஸ். ஐந்து நிமிஷத்தில் சிரிஞ்சு பலகைக்கு வந்தது. வாய் மூடியைத் திருகினாள். கிழிந்த ரப்பர் வளையம் தெரிந்தது. அதற்கு மாற்று சைகோனிலேயே கிடையாது. கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அவள் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சாய்ந்திருந்தது. அதை உருவினாள். உள்ளே தொப்பி மாதிரி ஒரு தோல் வாஷர், எண்ணெயில் ஊறி மெத்தென்று இருந்தது.

"பம்பு போச்சே" என்றேன்.

"பம்பு இன்னொண்ணு வாங்கலாம்."

சவர பிளேடால் தோலின் நடு ஓட்டையைக் கம்பிக்குத் தக்கபடி பெரிதாக்கினாள். சுற்றிலும் மயிரிழை மயிரிழையாகச் சீவினாள். போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், சீவினாள். "அந்த முக்காட்டக் குடு" என்று கையை நீட்டினாள்.

"இது பட்டு…"

"பட்டுதான் வேணும். நூல் பிரியாது."

அந்த முக்காட்டால் கம்பியைத் துடைத்தாள். வெள்ளைப் பட்டில் என் சந்தனமும் குங்குமமும் கறுப்பு எண்ணெயும் பட்டை பட்டையாக வந்தன. கம்பி மறுபடி மின்னும் வரை துடைத்தாள்.

தோல் குழாய் வாய்க்குள் போக மறுத்தது. அவளுடைய தடித்த விரலுக்கு அங்கே இடம் இல்லை. "தள்ளிக்க" என்றாள் அக்கா. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இருபது வருடமாகக் காலையும் மாலையும் மடி கறந்த விரல்கள். தோலின் விளிம்பை மடக்கி, சுற்றிச் சுற்றி அழுத்தி, ஒரு மடிப்புக்கூட விழாமல் உள்ளே உட்கார வைத்தாள்.

"எங்க இருந்த நீ இவ்வளவு நாளா?" என்றாள் மாரி-ரோஸ்.

எண்ணெய்க்கு அலமாரியிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். நான் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் பேசுகிற நாள் இல்லை. அவளே சொன்னாள்: "ரேஸ் ஓட்டுறவன் எஞ்சினுக்கே இத ஊத்துவான். தோல ஒண்ணும் செய்யாது. ஆனா தனியா ஊத்தினா ரொம்பக் கெட்டி." அடுப்புப் பற்றவைக்கிற ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விரல் நுனியில் தொட்டு ஒழுக விட்டுப் பார்த்தாள். மூன்றாவது சொட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. குழாயை நிமிர்த்திப் பிடித்து ஊற்றி, கம்பியை மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டினாள். குமிழி வந்தது. இன்னும் ஆட்டினாள். குமிழி நிற்கும் வரை விடவில்லை. மாதா கோயில் மணி அடித்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

மூடியைத் திருகி அக்காவிடம் நீட்டினாள். அக்கா மெதுவாக இழுத்தாள். பிறகு வெடுக்கென்று.

"மொறைக்குது!"

மாட்டி முடித்தபோது ஆறு எட்டு. நான் ஏறப் போனேன். "நீ எறங்கு, கனம் வேண்டாம்" என்று என்னை விட்டுவிட்டு அக்கா பறந்தாள். சந்து முனையில் அவள் முந்தானை திரும்பி மறைந்தது.

பட்டறை வாசலில் மாரி-ரோஸும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் அந்த முக்காடு. "அந்தத் தோலு நிக்குமான்னு எனக்கே தெரியாது, சின்னவளே" என்றாள் மெதுவாக. நான் மடியில் இருந்த சுண்டலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் தின்றோம். வேறு என்ன செய்ய?

ஏழு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா வந்து நின்றாள். இரண்டு கேனும் காலியாக இடித்துக்கொண்டு கணகணவென்றன. நாங்கள் எழுந்து நின்றோம்.

"ஆறு இருபத்தாறு" என்றாள் அக்கா, காலை ஊன்றிக்கொண்டு. "மதரம்மா வாசல்லயே நிக்கிறாங்க. கடிகாரத்தப் பாத்தாங்க. மூடியத் தொறந்து ரெண்டு கேனையும் பாத்தாங்க. உள்ளே பிள்ளைங்க கத்துற கத்துல காது அடைக்குது. 'நாளையிலேருந்து ஆறு மணிக்கே வந்துடு தாயம்மா, எட்டுப் பிள்ளைங்க புதுசா வந்திருக்கு'ன்னாங்க."

"ஆறு மணிக்கேவா!" என்றேன்.

"ஆமா. இனிமே நீ மூணரைக்கு எந்திரிச்சுப் புண்ணாக்கு ஊற வை." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. அதற்குமேல் அந்தச் சந்தனத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை, சாகும் வரைக்கும்.

மாரி-ரோஸ் குனிந்து சிரிஞ்சின் வாயை விரலால் தடவினாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த விரல்.

"எட்டு மணிக்கு இன்னொரு பூசை இருக்கில்ல உனக்கு?" என்றாள் அக்கா. "ஏறு."

"இந்தக் கோலத்திலயா? முழங்காலெல்லாம் கிரீஸ்."

"உன் சாமி பாக்காத கிரீஸா? ஏறுடி."

அதுவரை பேர் சொல்லியே கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக டி போட்டாள். மாரி-ரோஸ் அந்த முக்காட்டின் அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். காலிக் கேன் இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கேனைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆறு மணிக்காம்" என்றேன்.

அவர் ஒற்றைக் கையால் கேன்களை வாங்கி, கழுவுகிற கல்லில் கொண்டுபோய் வைத்தார்.